சான்றிதழுக்குப் பிறகும் ஒரு தணிக்கை: திரைப்படமும் மத உணர்வும் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தை மாவட்ட ஆட்சியர் நிறுத்திவைக்க முடியுமா, ஐயா?

பதில்: முடியும்; நடந்தும் இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் தருவது மத்திய அரசின் திரைப்படத் தணிக்கை வாரியம் என்றாலும், திரையரங்குகளும் சட்டம் ஒழுங்கும் மாநிலத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 2013 ஜனவரி 25 அன்று 'விஸ்வரூபம்' வெளிவரவிருந்த நிலையில், முஸ்லிம் அமைப்புகள் ஆட்சேபம் தெரிவித்ததும், அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவின்கீழ் ஆட்சியர்கள் 15 நாள் தடை விதித்தார்கள். கலவரம் மூளவிருக்கும் தெருவுக்காக எழுதப்பட்ட அந்தப் பிரிவு ஏறத்தாழ மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் பாய்ந்தபோது, ஒவ்வோர் ஆட்சியரும் தம் மாவட்ட நிலவரத்தைத் தனியே எடைபோட்டார் என்று நம்ப எனக்குக் கடினமாகவே இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நிறுத்திவைக்க, மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அவருடைய உத்தரவை நிறுத்திவைத்தது. முடிவு நீதிமன்றத்தில் அன்று, பேச்சுவார்த்தை மேசையில்தான் கிடைத்தது: ஏழு இடங்களில் மாற்றம் செய்யத் தயாரிப்புத் தரப்பு இசைந்த பிறகு, பிப்ரவரி 7 அன்று படம் தமிழகத்தில் வெளியானது.

கேள்வி: 'மனம் புண்பட்டது' என்பதை நீதிமன்றம் எதைக் கொண்டு அளக்கிறது?

பதில்: அதற்கான அளவுகோல் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கிலேயே கிடைத்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' இட ஒதுக்கீட்டைப் பற்றிய படம், மதத்தைப் பற்றியதன்று. அதன் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1989இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. எளிதில் கலங்கும் மனத்தையோ, எதிர்க்கருத்து ஒவ்வொன்றிலும் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மனத்தையோ கொண்டு படத்தை அளக்கக் கூடாது, நிதானமும் உறுதியும் உள்ளவரின் பார்வையில்தான் அளக்க வேண்டும் என்றது. ஆபத்து வெடிமருந்தில் விழும் பொறியைப் போல உடனடியானதாக இருக்க வேண்டும் என்றும், எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்க இயலாது என்றும் சொன்னது. 2018இல் 'பத்மாவத்' படத்துக்கு ராஜஸ்தான், குஜராத் மாநிலங்கள் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததும் இந்த வழியில்தான்.

கேள்வி: நான் முஸ்லிம். தீவிரவாதி வேடம் என்றாலே எங்கள் வீட்டுப் பெயர்களைச் சூட்டுகிறார்கள். ஆட்சேபித்தால் கலையின் எதிரி என்கிறார்கள். நாங்கள் என்னதான் செய்வது?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, அதைச் சகிப்பின்மை என்று தள்ளிவிடுபவர்கள் படங்களைக் கவனித்துப் பார்ப்பதில்லை. தோளில் துப்பாக்கி மாட்டியவன் தொழுவதைக் காட்டி, பின்னணியில் ஓதும் குரலை உயர்த்தி, அடுத்த காட்சியில் குண்டை வெடிக்கவைத்தால், ஒரு வரி வசனம்கூட இல்லாமல் படத்தொகுப்பே ஒரு சமூகத்தின்மீது பழி போட்டுவிடுகிறது. ஆனால் அந்த ஓதலின் ஒலியை மட்டும் நீக்கச் சொன்னால், திரையில் வாய் அசையும், அடுத்து குண்டும் வெடிக்கும். பழி அங்கேயேதான் இருக்கும். வெட்டுப் பட்டியலால் திருத்த முடியாததை விமர்சனத்தால் அம்பலப்படுத்த முடியும் என்பதால்தான் தடையை நான் ஏற்பதில்லை. காட்சி காட்சியாகப் பிரித்து எழுதுவதும், திரையரங்க வாசலில் அமைதியாகப் பதாகை பிடிப்பதும், இயக்குநர் கோரும் அதே பேச்சுரிமையை, அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு, உங்களுக்கும் தருவதால் வரும் உரிமைகள்.

கேள்வி: 'அன்னபூரணி' படத்தை எந்த நீதிமன்றம் நீக்கச் சொன்னது?

பதில்: எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பிரசாதம் சமைப்பவரின் மகள் சமையல் கலைஞராக விரும்பும் கதை அது. சான்றிதழோடு 2023 டிசம்பர் 1 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. நெட்ஃப்ளிக்ஸில் வெளியான பிறகே இந்துக்களின் மத உணர்வைப் புண்படுத்துவதாகக் காவல்துறையில் புகார்கள் எழ, 2024 ஜனவரியில் தயாரிப்புத் தரப்பே வருத்தம் தெரிவித்துப் படத்தை விலக்கிக்கொண்டது. தீர்ப்பே இல்லாததால் மேல்முறையீடு செய்யவும் ஏதுமில்லை.

கேள்வி: வாரியம் சொல்லும் வெட்டுகளைத் தயாரிப்பாளர்கள் ஏன் எதிர்த்துப் போராடுவதில்லை?

பதில்: முன்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது, 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கடன் வாங்கிப் படமெடுத்து, வெள்ளிக்கிழமைக்குத் திரையரங்குகளையும் பேசி முடித்தவர், வழக்கு பட்டியலில் வரும்வரை காத்திருப்பதைவிட வாரியம் ஆட்சேபித்த ஓரிரு வரிகளின் ஒலியை நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுவதையே தேர்ந்தெடுக்கிறார்.