மனச்சாட்சி யாருடைய பெயரைச் சொல்கிறது?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு பிழையை, உடன் வேலை பார்த்தவர் செய்ததாக மேலதிகாரி எடுத்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. அவருக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து ஜெபத்தில் அதற்காக அழாத நாள் இல்லை. போதகரிடமும் சொன்னேன். "ஆண்டவர் எப்போதோ மன்னித்துவிட்டார், விசுவாசியுங்கள்" என்றார்.

அதே காலத்தில்தான் என் அம்மாவும் இறந்தார். பல இரவுகள் மருத்துவமனையில் கண்விழித்த பிறகு, ஓர் இரவு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அன்று அவர் போய்விட்டார். இரண்டும் சேர்ந்து என்னை வாட்டுகின்றன. திருவிருந்தில் பங்குபெறுவதையே நிறுத்திவிட்டேன். உங்களை நீங்களே மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறார் என் மனைவி. என்னால் முடியவில்லை. என் விசுவாசத்தில்தான் குறையா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் விசுவாசத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்டவரிடம் சொல்லியிருக்கிறீர்கள், போதகரிடம் சொல்லியிருக்கிறீர்கள், உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது, இப்போது எனக்கும் எழுதிவிட்டீர்கள். வேலையை இழந்தவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. உங்கள் மனச்சாட்சி அடங்க மறுப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அது பழுதுபட்டுக் கிடக்கவில்லை. ஒரு மனிதரின் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நீங்களோ ஒவ்வொரு முறையும் அவரிடம் போகாமல் ஜெபத்தில் முழங்காலில் நின்றுவிடுகிறீர்கள்.

போதகர் சொன்னது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. தேவனுடைய மன்னிப்பு, நாம் மனிதருக்குப் பட்ட கடனைத் தள்ளுபடி செய்துவிடுவதாக வேதத்தில் எங்கும் இல்லை. அயலானை வஞ்சித்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து உரியவனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 6ஆம் அதிகாரம்; குற்றநிவாரண பலியைப் பற்றிய அதே பகுதியில்தான் இதுவும் வருகிறது. மலைப்பிரசங்கத்தில் இயேசு இன்னும் கறாராகப் பேசுகிறார்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போ, முதலில் உன் சகோதரனோடு ஒப்புரவாகு.

இங்கே பலர் 51ஆம் சங்கீதத்தைக் கேடயமாகப் பிடிப்பார்கள். தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன் என்று தாவீது சொல்லவில்லையா, ஆகவே கணக்கு எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் என்பார்கள். அந்தச் சங்கீதம் பாடப்பட்டபோது, தாவீது யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டானோ அந்த உரியா உயிரோடு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. தாவீது அவனைப் போர்முனையில் நிறுத்திக் கொன்றாயிற்று. போய்க் காலில் விழுவதற்கு ஆள் இல்லாதவனின் கதறல் அது. உங்கள் தோழர் இருக்கிறார். தாவீதுக்குக் கிடைக்காத வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது.

சகேயுவைப் பாருங்கள். வரிவசூலிப்பவர்களின் தலைவன், ஊரே வெறுத்த ஆள். அவனிடம் பணத்தைப் பற்றி இயேசு ஒரு வார்த்தையும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். அவனாக எழுந்து நின்று, பாதிச் சொத்து ஏழைகளுக்கு, யாரிடம் அநியாயமாக வாங்கினேனோ அவர்களுக்கு நாலு மடங்கு என்று சொல்கிறான். மன்னிப்பை விலைக்கு வாங்க அவன் அப்படிச் செய்யவில்லை. இயேசு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டார். வந்தவரைப் பார்த்த சந்தோஷத்தில் அவனால் பழைய பணத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் கண்ணீர் இத்தனை நாளும் இந்த இடத்துக்கு வராமலே திரும்பிப் போயிருக்கிறது என்பது என் வருத்தம்.

எப்படிப் போவது என்பதும் முக்கியம். உங்கள் பாரத்தை இறக்கி வைக்க அவரைச் சுமைதாங்கியாக்காதீர்கள். அந்தக் காலத்தில் உங்களுக்கு இருந்த பயம், அம்மாவின் நோய், குடும்ப நிலை எதையும் அங்கே சொல்ல வேண்டாம். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் அந்த நேரத்தில் அவை அவருடைய கோபத்தின் வாயை அடைக்கும் வேலையைத்தான் செய்யும். பிழை என்னுடையது, தெரிந்தே பேசாமல் இருந்தேன், நீங்கள் பழி சுமந்தீர்கள் என்று சொல்லுங்கள். அதையே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவருடைய பெயர் கெட்டது அலுவலகத்தில் என்பதால் மேலதிகாரியிடமும் சொல்லத் தயார் என்று தெரிவியுங்கள். சொல்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். வேலையில்லாமல் அவர் இருந்த மாதங்களுக்கு உங்களால் என்ன கொடுக்க முடியும் என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் வேலைக்கே ஆபத்து வரலாம் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறேன். மன்னியுங்கள் என்று கேட்கலாம். மன்னித்தேன் என்று அவர் சொல்லும்வரை அங்கேயே நிற்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டால் அதுவும் அவருடைய உரிமை.

இனி அம்மா. இதைப் பற்றி எழுதுவதற்குத்தான் எனக்கு மனம் கனக்கிறது. நண்பரே, இதில் குற்றம் எங்கே இருக்கிறது? பல இரவுகள் கண்விழித்த உடம்பு ஓர் இரவு தூங்கியது. கெத்செமனேயில் தூங்கிப்போன சீடர்களை எழுப்பிய இயேசுவே, ஆவி உற்சாகமுள்ளது, மாம்சமோ பலவீனமுள்ளது என்றார். உங்களிடம் இருப்பது துக்கம். கடைசியாக அந்தக் கையைப் பிடித்திருக்க முடியவில்லையே என்ற துக்கம். செய்த துரோகமும் இந்தத் துக்கமும் ஒரே காலத்தில் வந்ததால் இரண்டும் ஒரே குரலில் உங்களோடு பேசுகின்றன. பாவ அறிக்கை செய்து துக்கத்தைப் போக்க முடியாது, அறிக்கை செய்ய அங்கே எதுவும் இல்லை. அம்மாவுக்காக அழுங்கள். அவருக்காக மன்னிப்புக் கேட்பதை நிறுத்துங்கள்.

இல்லாத குற்றத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்வது ஆவிக்குரிய மேன்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, அறிக்கை செய்த பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கை செய்தார். ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற பயம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை அது அவரைக் கொண்டுபோனது. பழையதை இனி அறிக்கை செய்வதில்லை என்று தீர்மானித்த பிறகே விடுபட்டார். பிற்காலத்தில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் மடத்தில் இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து தம் ஆலோசகர் ஸ்டௌபிட்ஸைத் திணறடித்தவர். உங்களுக்கும் இரவுத் தூக்கம் போய், சாகலாம் போன்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

உங்களை நீங்களே மன்னிக்க முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் மனைவி அன்பினால் சொல்கிறார், ஆனால் அந்த வேலையை வேதம் உங்களுக்குக் கொடுக்கவில்லை. என்னிடத்தில் ஒரு குற்றத்தையும் அறியேன், அதனால் நீதிமான் ஆகிவிடவில்லை, என்னை நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தர் என்கிறார் பவுல். தன்னை விடுதலை செய்யும் அதிகாரத்தையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை, தண்டிக்கும் அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. திருவிருந்திலிருந்து உங்களை விலக்கி வைத்தவர் யார்? உங்கள் சபையா? நீங்களேதான் நீதிபதியாக அமர்ந்து தீர்ப்புச் சொல்லியிருக்கிறீர்கள். தன்னைச் சோதித்தறியச் சொல்லும் 1 கொரிந்தியர் 11:28, சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. விலகி நிற்கச் சொல்லவில்லை.

இயேசுவைத் தெரியாது என்று சீடன் பேதுரு மறுதலித்தது குளிர்காய மூட்டிய கரிநெருப்பின் அருகில். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவனைச் சந்தித்தபோதும் கரிநெருப்பு எரிந்தது, மேலே மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. என்னை நேசிக்கிறாயா என்ற மூன்று கேள்விகளும் பின்னால்தான் வருகின்றன. அதற்கு முன் அவர் சொன்னது, வாருங்கள், சாப்பிடுங்கள் என்பதுதான். அதனால் இந்த வாரமே தோழரைத் தேடிப் போங்கள். அவர் ஊரில் இல்லாமல் இருக்கலாம், பார்க்க மறுக்கலாம், உங்களைத் திட்டி அனுப்பலாம். எது நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு வாருங்கள்.