மலையேற்றமும் மடிப்பிச்சையும் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். வயது 36. ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஓடி ஏறி, ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் பணம் திரட்ட முடிவு செய்திருக்கிறோம். மூன்று மாதமாகக் குமரகிரிப் படிகளில் ஏறி இறங்கிப் பழகுகிறோம். உடம்பு தயார். ஆனால் யாரிடமும் பணம் கேட்க வாய் வரவில்லை. "இருக்கறதைக் குடுத்துட்டுப் போ. அதுக்கு எதுக்கு மலையேறணும்?" என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரியோ என்று தோன்றுகிறது. பேசாமல் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டுக் கொடுத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கொடுங்கள். கொடுத்துவிட்டு, கேட்கவும் செய்யுங்கள்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் நம் தெருக்களில் மஞ்சள் சேலை கட்டி மடிப்பிச்சை எடுக்க வருகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வசதியான வீட்டுப் பெண்களும் அதில் உண்டு. வேண்டுதலுக்கு ஆகிற காசு அவர்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கும். ஆனாலும் வாசல் வாசலாக நின்று மடியேந்திய பிறகுதான் கோயிலுக்குப் போவார்கள். "உனக்கென்ன குறைச்சல், ஏன் கேட்கிறாய்?" என்று யாரும் கேட்டதில்லை. ஒரு பிடி அரிசியோ பத்து ரூபாயோ போட்ட வீட்டுக்கும் அந்த வேண்டுதலில் பங்கு வந்துவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். நாலு பேர் நாற்பதாயிரம் கொடுத்தால் மருத்துவமனைக்கு நாற்பதாயிரம் போய்ச் சேரும், அவ்வளவுதான். நானூறு பேரிடம் கேட்டால், அப்படி ஒரு வார்டு இருக்கிறது என்பது நானூறு வீட்டுக்குத் தெரியும்.

அந்த வார்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் தங்கை மகளுக்கு ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகமாக வருவது இந்த வகைதான். சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம் இழுக்கும். ஒவ்வொரு முறையும் முதலில் எடையும் உயரமும் பார்ப்பார்கள், மருந்தின் அளவை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எங்களுக்கு முன்னால் ஏற்காட்டுப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா. எடை மேடையில் ஏற்றுவதற்கு முன் குனிந்து மகளின் கொலுசு இரண்டையும் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டார். மருந்து ஒரு சொட்டுக்கூடத் தப்பாகிவிடக் கூடாது என்ற பயம். அடுத்த முறையும் அப்படியே செய்தார். மூன்றாவது முறை கழற்றுவதற்குக் கொலுசு இல்லை. அந்தக் குழந்தை பழக்கத்தில் ஒரு காலைத் தூக்கி நீட்டிக்கொண்டு நின்றது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்தக் குடும்பத்திடமும் இருந்தது. அது பெரிய உதவி, சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கும். ஆனால் மலையிலிருந்து இறங்கிவரும் பஸ் காசு, கூட இருப்பவரின் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, இதெல்லாம் எந்த அட்டையிலும் வராது. திரட்டுகிற பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க முடியுமா என்று மருத்துவமனையில் இப்போதே கேட்டு வையுங்கள்.

டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 18 வயதில், 1977-ல், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12-ல் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் 22 வயதில் இறந்துபோனார். அவர் ஓடியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் கேட்ட விதம்தான் பெரிதாகப் படுகிறது. நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் என்றுதான் கேட்டார். ஆரம்பத்தில் பல ஊர்களில் கண்டுகொள்ள ஆளில்லை. ஆனால் சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஒரு துறைமுக ஊர் பத்தாயிரம் டாலர் கொடுத்தது. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அப்போது கனடாவின் ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நீங்களும் அப்படிச் சின்னதாக, எண்ணிச் சொல்கிற மாதிரி கேளுங்கள். நம் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. வளைவுக்கு 25 ரூபாய் என்று கேட்டால் மொத்தம் 500. கறிக்கடைக்காரர், தறி ஓட்டுகிறவர், உங்கள் கடைக்கு நூல் கட்டு இறக்குகிறவர், யாராலும் முடிகிற தொகை.

கணக்கு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பல வருஷம் முன்பு ஒரு அமைப்பின் நடைப்பயணத்துக்காக நான் தெருத்தெருவாக வசூல் செய்தேன். எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்று அவர்கள் கடைசிவரை சொல்லவில்லை. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஆறு மாதம் வரை, "என்னம்மா ஆச்சு அந்தப் பணம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு தெரு வழியாகப் போயிருக்கிறேன். அதனால் உங்கள் சொந்த ஜிபே எண்ணில் ஒரு ரூபாய் வாங்க வேண்டாம். பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகட்டும், ரசீது கொடுத்தவர் பெயரில் வரட்டும். அப்புறம், பனியனிலோ பேனரிலோ எந்தக் குழந்தையின் படமும் வேண்டாம். நாளைக்கு அது குணமாகிப் பள்ளிக்கூடம் போக வேண்டிய குழந்தை.

பணம் தர முடியாதவர்களிடம் ரத்தம் கேளுங்கள். கீமோ எடுக்கிற குழந்தைகளுக்கு அடிக்கடி பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள்) தேவைப்படும், எடுத்த பிளேட்லெட் 5 நாளுக்கு மேல் தாங்காது. எப்போதும் புதிதாக ஆள் வேண்டும். ஓடுகிற நீங்கள் அந்த வாரம் கொடுக்க வேண்டாம், வழியனுப்ப வருகிறவர்கள் கொடுக்கட்டும்.

மலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். கோடை விழா நாட்களையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிருங்கள். கொண்டை ஊசியில் பஸ்ஸுக்குச் சாலை முழுவதும் தேவைப்படும், ஒதுங்கி நின்று வழிவிட்டு ஏறுங்கள். திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். ஓடி இறங்கினால்தான் தொடையும் முழங்காலும் அடி வாங்கும்.

எனக்குப் பதினான்காவது வளைவு வேண்டும், அதற்கு 1,000 ரூபாய் தருகிறேன். கணக்கு எண்ணை அனுப்புங்கள். அப்பாவிடமும் எந்த வளைவு வேண்டும் என்று கேளுங்கள். எல்லோரிடமும் கேட்பதற்கு முன்னால், இன்று இரவே அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா