அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் கிளாசுக்கு இப்ப அவசரமில்ல, மகன் எங்க நிக்கிறார் எண்டு முதல்ல பாருங்க

கேள்வி: அக்கா, நாங்க மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகன் இப்ப தரம் 3 படிக்கிறார், அவருக்கு ஒரு அக்காவும் இருக்கிறா. தமிழ்ப் புத்தகத்தில இருக்கிற பாடத்தைக் கடகடவெண்டு சொல்றார், ஆனா புதுசா ஒரு சொல்ல எழுதிக் காட்டினா முழிக்கிறார். கணக்குல கூட்டல் சரி, கழித்தல்தான் பிழைக்குது. 42இல 17 போனா 35 எண்டு எழுதி வெச்சிருக்கார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இப்பவே ஸ்கொலர்ஷிப் கிளாசுக்குப் போகுதுகள். கட்டார்ல இருக்கிற அவரும் "ரியூசனுக்கு விடு, காசு அனுப்புறன்" எண்டு சொல்றார். நான் எட்டாம் ஆண்டு வரைக்கும்தான் படிச்சன், விடிய மூண்டு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சுக் கடைக்குக் குடுக்கிறன். என்னால என்ன சொல்லிக் குடுக்க ஏலும்? கிளாசுக்கே விட்டுடவா?

பதில்: தங்கச்சி, இப்ப விடாதீங்க. ரியூசன் கூடாது எண்டு சொல்ல வரல்ல, ஆனா ஸ்கொலர்ஷிப் கிளாஸ் எண்டா அங்க வினாத்தாளத்தான் செய்விப்பாங்க, மகனுக்கு இப்ப கேள்வியையே வாசிக்க ஏலாது, அப்ப அங்க போய் என்ன செய்வார், பக்கத்தில இருக்கிற பிள்ளையின்ர விடையப் பாத்து எழுதுவார், இல்லாட்டி பேசாம இருந்துட்டு வருவார், ரெண்டு மாசத்தில படிப்பெண்டாலே வெறுத்துப் போகும். ஸ்கொலர்ஷிப் சோதனை அஞ்சாம் ஆண்டிலதான். இன்னும் காலம் கிடக்கு. இப்ப செய்ய வேண்டியது மகன் எந்த இடத்தில நிக்கிறார் எண்டு பாத்து அந்த இடத்தில இருந்து பிடிக்கிறது, அதுக்கு எட்டாம் ஆண்டுப் படிப்பு தாராளமாக் காணும்.

வாசிப்பு முதல்ல. பாடம் கடகடவெண்டு வருது எண்டு எழுதியிருக்கீங்கதானே, அது வாசிப்பு இல்ல, மனப்பாடம். வகுப்பில எல்லாரும் சேந்து சொல்லிச் சொல்லி மனசில பதிஞ்சிருக்கு, படத்தைப் பாத்தாலே அடுத்த வரி வந்திடும். இண்டைக்கே ஒருக்காப் பாருங்க, படத்தைக் கையால மூடிட்டு நாலாவது வரியில நடுச்சொல்லத் தொட்டு "இது என்ன மகன்?" எண்டு கேளுங்க. முதல் வரியில இருந்து முணுமுணுத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்கு வந்தார் எண்டா விஷயம் விளங்கிடும்.

அடுத்தது, ஒரு சொல்ல எழுத்துக் கூட்டச் சொல்லிப் பாருங்க. "பட்டம்" எண்டு எழுதிக் குடுத்தா எங்கட பிள்ளைகள் கனபேர் "ப, இட், ட, இம்" எண்டுதான் சொல்லுங்கள். புள்ளி வெச்ச எழுத்துக்கு இக், இங், இச் எண்டு பேர் சொல்லிப் பழகினதால வாற பிரச்சினை இது. "ப, இட், ட, இம்" எண்டதை எவ்வளவு வேகமாச் சொன்னாலும் பட்டம் வராது, பிள்ளையில பிழை இல்ல. புள்ளி எழுத்து வந்தா அதைத் தனியாச் சொல்ல விடாதீங்க, முன்னுக்கு நிக்கிற எழுத்தோட ஒட்டிச் சொல்லச் சொல்லுங்க. பட்... டம். வண்... டில். கச்... சான். விரலால அந்த ரெண்டு எழுத்தையும் சேத்து மூடித் திறந்து காட்டினா இன்னும் நல்லம். ஒரு கிழமை இதை மட்டும் செய்யுங்க, வேற ஒண்டும் வேணாம்.

247 எழுத்தையும் திருப்பி எழுது எண்டு கொப்பியக் குடுத்து இருத்தாதீங்க, கை நோகுமே தவிர வாசிப்பு வராது. கிழிச்ச கலண்டர்த் தாளின்ர பின்பக்கம் வெள்ளைதானே, அதைத் துண்டு துண்டா வெட்டி க, ப, ம, த எண்டு ஒவ்வொண்டா எழுதுங்க, வேற துண்டுகள்ல அரவும் (ா) விசிறியும் (ி) கொம்பும் (ெ) எழுதுங்க. பக்கத்தில வெச்சு வெச்சு "கா, பா, மா" எண்டு சொல்ல விடுங்க. கொம்பு வாற எழுத்துகள்லதான் கூடத் தடுமாறுவார், ஏனெண்டா கண்ணுக்கு முதல்ல தெரியிறது கொம்பு, வாயில முதல்ல வர வேண்டியது அதுக்குப் பின்னால நிக்கிற க. "கொ", "கோ" எண்டா ரெண்டு பக்கமும் பாக்கணும். அவசரப்படுத்தாதீங்க. கு, சு, து, பூ மாதிரி எழுத்துகள் ஒவ்வொண்டும் ஒவ்வொரு வடிவம், அதுகளைச் சொல்லுக்குள்ள வெச்சே பழக்குங்க, குடை, சுவர், துணி, பூனை எண்டு.

தரம் 1 புத்தகத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னா மகனுக்கு வெக்கமா இருக்கும், அக்காவும் பாத்துச் சிரிப்பா. அதால புத்தகத்தை நீங்களே எழுதுங்க. தான்தோன்றீஸ்வரர் கோயில் தேர் பாத்துட்டு வந்த கதையச் சொல்லச் சொல்லுங்க, அவர் வாயில வாற மாதிரியே ஒரு கொப்பியில பெரிய எழுத்தில எழுதுங்க. "நானும் அக்காவும் தேர் பாக்கப் போனம். அம்மா கச்சான் வாங்கித் தந்தா." அவ்வளவுதான், ரெண்டு மூண்டு வரி. பிறகு அதை அவர வாசிக்க விடுங்க. தான் சொன்ன கதை எண்டதால அர்த்தம் ஏற்கனவே தெரியும், எழுத்தப் பிடிக்கிறது மட்டும்தான் வேலை. பாடப்புத்தகத்தில "சென்றோம், வாங்கினார்கள்" எண்டு வாற எழுத்துத் தமிழ் வீட்டில நாங்க கதைக்காத தமிழ், அது பிறகு மெல்ல மெல்ல வரும். ஆனா அதே வரிகளை நாளைக்கும் குடுத்தா அதையும் பாடமாக்கிடுவார், அதால வரிகளை வெட்டி மாத்தி அடுக்கி வாசிக்கச் சொல்லுங்க. மண்முனைப் பாலம் தாண்டி ஆரையம்பதிக்குப் போறீங்க எண்டா பஸ்ஸுக்குள்ள சும்மா இருக்க விடாம கடைப் பலகையில ஒண்டு ரெண்ட வாசிக்கக் கேளுங்க.

இனி கணக்கு. 35 எப்பிடி வந்திச்சு தெரியுமா? 2இல 7 போகாது, அதால 7இல இருந்து 2ஐக் கழிச்சு 5, பிறகு 4இல 1 போக 3. கவனமில்லாம செஞ்ச பிழை இல்ல இது, பெரிசில இருந்து சின்னதைக் கழிக்கிறது எண்டு ஒரு முறைய தானே பிடிச்சு வெச்சிருக்கார். இன்னும் நூறு கணக்கு குடுத்தாலும் நூறும் இப்பிடித்தான் வரும். கடன் வாங்கு எண்டு சொன்னா ஆர்ட்ட, ஏன் வாங்குறது எண்டு அவருக்கு விளங்காது. உங்கட இடியப்பத்த எடுங்க. பத்துப் பத்தாத்தானே பார்சல் கட்டுறீங்க? 42 இடியப்பம் எண்டா நாலு பார்சல், உதிரியா ரெண்டு. கடைக்காரர் 17 கேக்கிறார், ஒரு பார்சலும் ஏழும். உதிரியா ரெண்டுதான் இருக்கு, ஏழு எப்பிடிக் குடுக்கிறது? ஒரு பார்சல அவிழ்க்கணும். மகனே அவிழ்க்கட்டும். இப்ப மூண்டு பார்சல், உதிரி 12. ஏழக் குடுத்தா 5 மிச்சம், ஒரு பார்சல் குடுத்தா ரெண்டு பார்சல் மிச்சம், 25. அந்த 4ஐ வெட்டி 3 எண்டும், 2ஐ 12 எண்டும் கொப்பியில எழுதுறது இந்த அவிழ்க்கிற வேலையத்தான். விடிய மூண்டு மணிக்கு அவர எழுப்பத் தேவயில்ல, பின்னேரம் ஈக்கிலச் சின்னச் சின்னதா முறிச்சுப் பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வெச்சு இதையே செய்யுங்க. கட்டு அவிழ்க்கிறது கைக்கு வந்த பிறகுதான் கொப்பிக்குப் போகணும்.

பிழையான விடை வந்தா உடனே "பிழை" எண்டு சொல்லாதீங்க. "17 குடுத்தம், 35 மிச்சம் எண்டா எத்தனை அவிச்சிருக்கணும் மகன்?" எண்டு கேளுங்க, கூட்டல் நல்லாத் தெரியும்தானே, 52 எண்டு தானே கண்டுபிடிப்பார், அவிச்சது 42 எண்டதால பிழை தன்னால தெரியும்.

காசுக் கணக்கும் அப்பிடித்தான். ஒரு இடியப்பம் 12 ரூபா எண்டு வைங்க, ரெண்டு பார்சல் 240, ஆள் 500 ரூபாத் தாள் தாறார். நீங்க மிச்சம் எப்பிடி எண்ணுவீங்க, 240, பத்துப் போட்டா 250, அம்பது போட்டா 300, இருநூறு போட்டா 500. மிச்சம் 260. அந்த எண்ணுற முறைய அப்பிடியே மகனுக்குச் சத்தமாச் சொல்லிக் காட்டுங்க. வாய்ப்பாட்டில ரெண்டு, அஞ்சு, பத்து மூண்டும் முதல்ல நல்லா வரட்டும், மத்தது பிறகு.

ஒரு நாளைக்கு வாசிப்புக்கு 15 நிமிசம், கணக்குக்கு 10 நிமிசம், அதுக்கு மேல போகாதீங்க. கத்தாதீங்க, அக்காவோட ஒப்பிட வேணவே வேணாம், அவளைப் பக்கத்தில இருத்திக் கதைப் புத்தகம் வாசிச்சுக் காட்டச் சொல்லலாம், அது வேற. புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிக்கிறாரா, கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறாரா எண்டும் கவனிங்க, சந்தேகம் வந்தா எம்.ஓ.எச். ஒபிசில (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில) கேட்டுக் கண்ணையும் காதையும் காட்டிடுங்க. ரெண்டு மூண்டு மாசம் ஒழுங்காச் செஞ்சும் எழுத்தே பிடிபடல்ல எண்டா வகுப்பு ரீச்சர்ட்ட ஒளிக்காமச் சொல்லுங்க, சில பிள்ளைகளுக்கு வாசிக்கிறதில விசேஷ உதவி தேவைப்படும், அது மொக்குத்தனம் இல்ல.

கட்டார்ல இருக்கிற உங்கட அவர்ட்ட ரியூசன் காசக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. அதுக்குப் பதிலா மகன் வாசிக்கிற ரெண்டு வரியக் கிழமைக்கு ஒருக்கா வாட்ஸப்பில வொய்ஸ் போட்டு அனுப்புங்க, அவர் அதைக் கேட்டுட்டு அந்தக் கதையப் பத்தி ஒரு கேள்வி கேக்கட்டும், கச்சான் எவ்வளவுக்கு வாங்கினீங்க எண்டாவது. எத்தனை மார்க்ஸ் எண்டு மட்டும் கேக்க வேணாம் எண்டு முதல்லயே சொல்லி வைங்க.