கதைக்கிறதைப் படிக்கக் கம்பஸ் வேணுமோ? ஒரு தாயாருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகள் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையில், கலைப்பிரிவில், நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள், தொடர்பாடல் படிக்க ஆசைப்படுகிறாள், வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை என்று எழுதியிருந்தீர்கள். "கதைக்கிறதைப் படிக்கக் கம்பஸ் வேணுமோ?" என்று உங்கள் அண்ணர் கேட்டிருக்கிறார். போதாததற்குப் பிள்ளை சபையில் எழும்பினால் கை நடுங்குகிறவள். இப்படியானவளை அந்தத் துறைக்கு எப்படி அனுப்புவது என்பதுதான் உங்கள் பெரிய யோசனை.

நடுக்கத்திலிருந்து தொடங்குகிறேன். சபைப் பயம் என்பது தொடர்பாடல் துறையிலேயே ஒரு தனி ஆய்வுப் பொருள். அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் மக்குரொஸ்கி 1970இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தார். அவர் தயாரித்த வினாக்கொத்து ஒன்றில் 24 கூற்றுகள் இருக்கின்றன. சிறு குழு, கூட்டம், இருவர் உரையாடல், மேடை என்று நான்கு இடங்களிலும் உள்ள பயத்தை அது தனித்தனியாக அளக்கிறது. ரியூசனில் சிநேகிதிகளோடு வாய் ஓயாமல் கதைக்கிறவள், வீட்டுக்கு வருகிறவர்களோடு நன்றாகப் பழகுகிறவள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவளுக்கு இருப்பது மேடைப் பயம் மட்டும்தான். "கூச்ச சுபாவம்" என்று அவள் மேல் ஒரு முத்திரை குத்திவிடாதீர்கள். அந்தப் பயம் பேசத் தொடங்குமுன் காத்திருக்கும் நேரத்திலும் முதல் ஒரு நிமிடத்திலும்தான் உச்சத்தில் நிற்கும். பேசப் பேச இறங்கும். அடுத்தடுத்த தடவைகளில் இன்னும் குறையும். முற்றாகப் போய்விடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பயிற்சிக்கு நன்றாகவே பணிகிற பயம் அது. கை நடுங்குகிறது என்பதற்காக இந்தப் படிப்பை மறுக்க வேண்டியதில்லை.

அண்ணரின் கேள்வியும் நியாயமானதுதான். அதே கேள்வி வேறு நாடுகளிலும் எழுந்தது. 1914இல் அமெரிக்காவில் 17 பேச்சுக்கலை ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர்களின் சங்கத்திலிருந்து பிரிந்து தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இலக்கியம் படிப்பிக்கிற வகுப்பின் ஒரு மூலையில் வைத்துப் பேச்சைப் படிப்பிக்க முடியாது என்பது அவர்களுடைய நிலைப்பாடு. இன்று அங்கே பல பல்கலைக்கழகங்களில் எந்தத் துறை மாணவராக இருந்தாலும் முதலாம் வருடத்தில் ஒரு மேடைப்பேச்சுப் பாடம் படிக்கிறார்.

எங்கள் யாழ்ப்பாணத்துக்கு இது அந்நியமான கலை இல்லை. 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரோடு வேலை செய்த காலத்தில் பாதிரிமார் எப்படிப் பிரசங்கம் செய்கிறார்கள் என்று கிட்ட இருந்து பார்த்தவர் அவர். அந்த முறையைக் கோயிலுக்கு வருகிற சனத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். முன்னால் இருப்பவர் யார் என்று பார்த்துப் பேச்சை அமைக்கிற அந்த வேலைதான் இந்தப் படிப்பின் நடுப்பகுதி.

எங்கள் பிள்ளைகள் பேச்சைப் பெரும்பாலும் தமிழ்த்தினப் போட்டியில்தான் பழகுகிறார்கள். ஆசிரியர் எழுதிக்கொடுப்பார், பிள்ளை பாடமாக்கும், கை எப்போது நீட்டுவது, குரல் எங்கே உயர்த்துவது என்றும் சொல்லிக்கொடுப்பார்கள். அதை நான் குறைவாக நினைக்கவில்லை. உச்சரிப்பும் குரல் வளமும் அங்கேதான் வருகின்றன. ஆனால் நடுவில் ஒரு வரி மறந்தால் பிள்ளைக்கு முழுப் பேச்சும் போய்விடும். உங்கள் மகளும் எட்டாம் ஆண்டில் அப்படி நின்றவள்தானே? கை நடுக்கம் அன்றைக்குத் தொடங்கியிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. கம்பஸில் முதல் வேலையே இந்தப் பாடமாக்கலைக் கைவிடப் பழகுவது. குறிப்புத் தாளில் நாலைந்து சொற்கள் மட்டும் இருக்கும், மிச்சம் ஆட்களைப் பார்த்து வரவேண்டும்.

ஒரு பயிற்சியைச் சொல்கிறேன், நான் மாணவர்களுக்கு அடிக்கடி கொடுப்பது. மாரி மழை தொடங்கினதும் டெங்கு பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், ஒரு தடவை குருநகர்க் கடற்றொழிலாளருக்கு, இன்னொரு தடவை ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு நுளம்பாக ஒரு கிழமையிலிருந்து பத்து நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒருக்கால் தண்ணீர் தேங்கும் இடங்களைக் கவிழ்த்துக் கழுவினால் போதும். இந்த ஒரு தகவல்தான் இரண்டு பேச்சுக்கும் முதுகெலும்பு. கடற்கரையில் அது கரையில் கிடக்கும் பழைய வள்ளம், றெஜிபோம் மீன்பெட்டி, படங்கின் மடிப்பு என்று வரவேண்டும். விடியக் கரைக்கு வந்து களைத்திருப்பவர்களிடம் எத்தனை மணிக்குப் போய்ப் பேசுவது, வீட்டுப் பெண்களிடம் பேசுவதுதான் புத்தியோ என்றும் யோசிக்க வேண்டும். பிள்ளைகளிடம் அதே தகவல் "சனிக்கிழமை காலமை வளவைச் சுற்றி எத்தனை சிரட்டை, எத்தனை யோகட் கோப்பை என்று எண்ணிக்கொண்டு வாங்கோ" என்று மாறிவிடும். பேசி முடிந்ததும் வகுப்பில் மற்றவர்கள் எந்த இடத்தில் கவனம் கலைந்தது என்று சொல்வார்கள். அந்த இடத்தைத் திருத்தி அடுத்த கிழமை திரும்பப் பேச வேண்டும். இதைக் கதைக்கிறது என்று சொல்வதா, படிக்கிறது என்று சொல்வதா என்று அண்ணரிடமே கேளுங்கள்.

சரி, எங்கே படிப்பது? யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. இரண்டும் அரச பல்கலைக்கழகங்கள், படிப்புக்குக் கட்டணமில்லை. வெட்டுப்புள்ளி வருடா வருடம் மாறும், அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போன வருடம் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போடாமல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைப் பாருங்கள்.

என் அபிப்பிராயத்தில் துறையின் பெயரைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளை ஒன்றைப் பிடித்து விசாரியுங்கள்: ஒரு அரையாண்டில் எத்தனை தடவை எழும்பிப் பேச வைப்பார்கள்? பேசி முடிந்ததும் யாராவது இருத்தித் திருத்துவார்களா, புள்ளி மட்டும் போட்டு விடுவார்களா? ஒப்படைகள் எல்லாம் எழுத்தில்தானா? பட்டியலில் எத்தனை கோட்பாட்டுப் பாடம் இருந்தாலும், எழும்பிப் பேசித் திருத்தம் வாங்காமல் இந்தப் படிப்பு பாதிதான். அந்தப் பாதியைக் கம்பஸ் தராவிட்டால் விவாதக் கழகத்திலோ ஊர்ச் சனசமூக நிலையத்திலோ மகள் தானாகத் தேட வேண்டி வரும்.

அப்புறம், வேலை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் நாட்கணக்காக இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. "பேச்சாளர் தேவை" என்று ஒருவரும் விளம்பரம் போடுவதில்லை. இந்தப் படிப்பு முடித்தவர்கள் பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சிக்கும், அரச சார்பற்ற நிறுவனங்களின் களப்பணிக்கும், வங்கிகளுக்கும், நிறுவனங்களின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கும் போகிறார்கள். தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் ஏ.எல். பாடமாக இருப்பதால் ஆசிரியத் தொழிலுக்கும் ஒரு வழி உண்டு. ஆனால் வெறும் பட்டத்தோடு போனால் நேர்முகத்தேர்வில் நூறு பேரில் ஒருத்தியாகத்தான் நிற்பாள். ஆங்கிலமும் சிங்களமும் கையில் இருந்தால் நிலைமை வேறு. வடக்கில் களவேலை செய்கிற நிறுவனத்துக்குக் கிராமத்தில் தமிழில் கூட்டம் வைத்து, மாலையில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, கொழும்புத் தலைமையகத்தோடு சிங்களத்தில் பேசக்கூடிய ஆள் எப்போதும் தேவை. முதலாம் வருடம் கொஞ்சம் இலகுவாகத்தான் இருக்கும். அந்த வருடத்திலேயே சிங்கள வகுப்புக்கு அனுப்புங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கம்பஸ் தொடங்குமுன் சில மாதங்கள் வீட்டில்தானே இருப்பாள். அறநெறிப் பாடசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல விடுங்கள். பாடமாக்காமல், குறிப்பு மட்டும் வைத்துக்கொண்டு. நீங்கள் முன் வரிசையில் போய் இருக்க வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் "எப்படிப் போச்சு?" என்று மட்டும் கேளுங்கள். விண்ணப்பம் நிரப்பும் கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். விருப்ப ஒழுங்கில் யாழ்ப்பாணத்தை முதலில் போடுவதா திருகோணமலையைப் போடுவதா என்பதை அவளுடைய பெறுபேற்றையும் கைநூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பேருமாக இருந்து முடிவெடுப்போம். அண்ணரும் வரலாம்.