பழைய டீசல் பிக்கப்பில் 'ஏர் லாக்' ஏன் வருகிறது?

பெங்களூரு கலாசிபாளையம் மார்க்கெட் பக்கம் காய்கறி லோடு அடிக்கும் பழைய பிக்கப்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: ராத்திரி நன்றாக ஓடி நின்ற வண்டி, காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஏன்?

பல நேரம் ஏர் லாக்தான். டீசல் போகும் பாதையில் காற்று புகுந்துவிடுகிறது. டீசலை அழுத்தினால் அநேகமாகச் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் பம்ப் என்னதான் தள்ளினாலும் இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாது.

காற்று எப்படிப் புகுகிறது? டேங்கில் இருந்து டீசலைப் பம்ப் உறிஞ்சுகிறது. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் சின்னக் கீறல் இருந்தால் வாய்க்குக் காற்றுதானே வரும், அதே கதை. வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், ஃபில்டர் மாற்றும்போது சரியாக உட்காராத வாஷர், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கொஞ்ச நேரம் கண்ணாடி போன்ற டீசல் டியூபை மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் ஃபில்டர் மேலுள்ள பிளீட் ஸ்க்ரூவை (காற்றை வெளியே விடும் திருகு) தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பம்பை அழுத்தி, இறுக்கிவிடுங்கள். ஓட்டையை அடைக்காமல் காற்றை மட்டும் எடுத்தால் மறுபடியும் வரும்.

ஸ்டார்ட் நன்றாக ஆகி, ஹெப்பால் மேம்பாலத்தில் லோடோடு ஏறும்போது மட்டும் இழுவை குறைந்தால், ஃபில்டர் அடைப்பைச் சந்தேகப்படுங்கள்.

"கீழே டீசல் சொட்டவில்லை, அதனால் லீக் இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை, டீசலை வெளியே விடாமலேயே காற்றை உள்ளே இழுக்கும்.