ஆளைப் பிடித்துப் போய்விட்டார்கள், எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

திருகோணமலை மாவட்டத்து வாசகர்கள் கைது, தடுப்புக்காவல், உயிர்ப் பாதுகாப்பு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு நம் சட்டத்தரணி அக்கா பதில் சொல்கிறார்.

மூதூர்: மிஸ், தம்பியை இரவு பிடித்துப் போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எந்தப் பொலிஸ் நிலையமும் சொல்லவில்லை. கொழும்புக்குத்தான் போகவேண்டுமா?

தேவையில்லை. பிடித்துவைத்த ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. அதை மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுமல்ல, அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றமும் விசாரிக்கலாம். ஆள் கிழக்கு மாகாணத்துக்குள் இருந்தால் திருகோணமலையிலேயே போடலாம். சாதாரணக் கைதென்றால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். அதுவரை சும்மா இருக்காதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு இப்போதே பேசுங்கள்.

கிண்ணியா: மகனைப் பொலிஸில் வைத்து அடித்தார்கள். ஐந்து வாரமாகிவிட்டது. பத்தாம் நாளே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தோம். இனி வழக்குப் போடலாமா?

போடலாம், ஆனால் இந்த வாரமே அசையவேண்டும். சித்திரவதைக்கு எதிரான உரிமை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதை மீறினால் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள். நம் சனம் வழக்கை இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு மாதத்தில்தான். பயத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மாதம் என்பது மிகவும் குறைவு. இதை மாற்றவேண்டும் என்பதே என் கருத்து.

உங்களுக்கு வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் கையில் இருந்தால் போதாது. விசாரணை உண்மையிலேயே நடக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போய், விசாரணை நிலுவையில் இருப்பதாகத் திகதியோடு கடிதம் கேட்டு வாங்குங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் வேண்டும். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

அடித்தவர் மீது குற்ற வழக்கு நடத்துவது வேறு விஷயம். 1994ஆம் ஆண்டுச் சித்திரவதைச் சட்டப்படி குறைந்தது ஏழு வருடச் சிறை. அதற்கு இந்த ஒரு மாத எல்லை கிடையாது.

சம்பூர்: 2009இல் சரணடைந்த அண்ணாவுக்கு இப்போதும் ஆட்கொணர்வு மனுவால் பயன் உண்டா?

உண்டு தங்கச்சி. விடுதலைப் புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளராக இருந்த எழிலன் சரணடைந்த பின் காணாமல்போன வழக்கில், அவரை முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்கு 2022இல் கட்டளையிட்டது. அந்தத் தீர்ப்புக்குக் குடும்பம் பல வருடம் காத்திருந்தது. ஆள் திரும்பி வருவார் என்று நான் வாக்குத் தரமாட்டேன். யார் கையில் கொடுத்தோம் என்பதை ஒரு நீதிமன்றம் பதிவு செய்வதே பெரிய விஷயம். கண்ட சாட்சிகளிடம் சத்தியக்கடதாசி எடுத்து வையுங்கள்.

நிலாவெளி: நம் அரசியலமைப்பில் உயிர் வாழும் உரிமையே இல்லை என்கிறார்களே?

உரிமைகள் அத்தியாயத்தில் நேரடியாக எழுதவில்லை, உண்மைதான். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கக்கூடாது என்று அதன் 13(4)ஆம் உறுப்புரை சொல்கிறது. அதிலிருந்து உயிர் வாழும் உரிமையை உயர் நீதிமன்றம் 2003இல் வாசித்து எடுத்தது. காவலில் அடிபட்டுப் பிறகு இறந்துபோன ஒருவரின் மனைவி நடத்திய வழக்கு அது. ஆகவே ஆள் இறந்துவிட்டார், இனி என்ன செய்ய என்று குடும்பம் விட்டுவிடக்கூடாது.

தம்பலகாமம்: என்னை அடிப்பது கணவர். இதற்கும் அடிப்படை உரிமை மனுவா?

இல்லை அம்மா, அது அரசின் செயலுக்கு எதிரானது. உங்களுக்கு 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள், பன்னிரண்டு மாதம் வரை தரலாம். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளையும் உண்டு. நீங்கள் போகமுடியாவிட்டால் பொலிஸ் உத்தியோகத்தரே உங்களுக்காக விண்ணப்பிக்கலாம்.