இறங்கும் கொக்கியை உடனே தொடாதீர்கள்
அண்ணே, விசைப்படகில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் மேலே நின்றால், அவரைத் தூக்க அதிலிருந்து இறங்கும் கொக்கியை எட்டிப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. பறக்கும்போது ஹெலிகாப்டரில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும். கொக்கி கடல்நீரையோ படகையோ தொட்ட பிறகே கை வையுங்கள், இல்லையென்றால் ஷாக் அடிக்கும்.

அதைவிட முக்கியம், கொக்கி தொங்கும் கம்பியைப் படகில் எங்கேயும் கட்டிவிடாதீர்கள். (நம் ஆட்களுக்குக் கயிறைக் கண்டால் முடிச்சுப் போடத்தான் கை போகும்!) படகு ஒரு ஆட்டம் ஆடினால் ஹெலிகாப்டரையே இழுத்துவிடும். தார்ப்பாய், வலை, காலிக் கேன் எல்லாவற்றையும் ஹெலிகாப்டர் காற்றில் பறக்காதபடி முன்பே உள்ளே அள்ளிப் போடுங்கள்.

படகை நிறுத்துவதா ஓட்டுவதா என்பதை விமானி சொல்வார். வயர்லெஸில் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலைத் திறந்தே வையுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 இலவச எண்தான், ஆனால் செல்போன் சிக்னல் உள்ளவரைதான்.